வரப்பில் இருக்கும் வளை யாருடையது?

வயலில் சேதம் கண்ணில் பட்டதும் "எலி இறங்கிடுச்சு" என்கிறோம். அடுத்த பேச்சு உடனே மருந்துக்கும் பொறிக்கும் போய்விடுகிறது. எந்த எலி என்று யாரும் கேட்பதில்லை. காவிரிப் படுகையின் நெல்வயலையும் அதை ஒட்டிய மேட்டு நிலத்தையும் சேர்த்துப் பார்த்தால், வளை தோண்டி வாழும் எலிகள் அங்கே குறைந்தது ஐந்து இனம். ஒன்று வாயிலை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொள்ளும், இன்னொன்று திறந்தே வைத்திருக்கும். ஒன்று கதிரை அறை அறையாகச் சேர்க்கும், இன்னொன்று அன்றன்றைக்குத் தின்றுவிட்டுப் போகும். ஒன்றுக்குப் பலிக்கும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பலிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். இந்தப் பதிவு முழுக்க இனம் காண்பதைப் பற்றியது. வளையைப் பார்த்துக் காண்பது, உடலைப் பார்த்துக் காண்பது, இரண்டும் கிடைக்காவிட்டால் கூகை கக்கிய உருண்டையிலிருக்கும் மண்டையோட்டைப் பார்த்துக் காண்பது.

எலி அல்லாதவை

வரப்பில் தெரியும் ஓட்டையெல்லாம் எலி வளை அல்ல. வயல் நண்டின் வளை பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கும். வாயைச் சுற்றி ஈரமண் உருண்டைகள் கிடக்கும், உள்ளே சற்றுத் தள்ளித் தண்ணீர் தெரியும். எலி தன் அறையை நீர்மட்டத்துக்கு மேலேதான் அமைக்கும். சேதத்திலும் வித்தியாசம் உண்டு. நண்டு இளநாற்றை அடியோடு நறுக்கும். எலி வளர்ந்த தூரைத் தரையிலிருந்து சிறிது உயரத்தில் சாய்வாக வெட்டும். வெட்டுமுகம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்து மூஞ்சூறு. உருவம் எலி போல இருந்தாலும் அது கொறிவிலங்கே அல்ல, பூச்சி தின்னும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஐயமே வராது. மூஞ்சூற்றுக்கு முன்பல் தொடங்கிக் கடைவாய் வரை கூர்ப்பற்கள் இடைவெளி இல்லாமல் வரிசை கட்டி நிற்கும். கொறிவிலங்குக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கே முன்பற்கள். அதற்குப் பின் நீளமான வெற்று ஈறு, அப்புறம் கடைவாய்ப் பற்கள். கோரைப்பல் கிடையாது. முயலையும் ஒரு காலத்தில் இந்த வரிசையில்தான் வைத்திருந்தார்கள். அதன் மேல் முன்பற்களுக்குப் பின்னால் குச்சி போன்ற இன்னொரு சிறு ஜோடி ஒளிந்திருக்கிறது, அதனால் இப்போது அது தனி வரிசை.

கொறிவிலங்கின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆய்வகத்து வெள்ளை எலியின் கீழ் முன்பல் வாரத்துக்குச் சுமார் 2.8 மில்லிமீட்டரும் மேல் முன்பல் 2.2 மில்லிமீட்டரும் வளர்கின்றன. பல்லின் முன்முகத்தில் மட்டும் எனாமல் பூச்சு. பின்முகம் மென்மையான பல்திசு, அது சீக்கிரம் தேய்வதால் நுனி எப்போதும் உளி போலக் கூர்மையாகவே நிற்கிறது. வளர்ந்த எலியின் முன்பல் ஆரஞ்சு நிறமாகத் தெரிவது அழுக்கால் அல்ல, எனாமலில் கலந்திருக்கும் இரும்பால். வளை தோண்டுபவற்றுக்கு இந்தப் பல்வரிசையில் இன்னொரு வசதியும் உண்டு. அந்த வெற்று ஈறு இருக்கும் இடத்தில் உதட்டின் ஓரங்களை உள்மடித்து, முன்பற்களுக்குப் பின்னால் வாயை மூடிக்கொள்ள முடியும். பல்லால் மண்ணைக் கடித்துத் தோண்டினாலும் தொண்டைக்குள் மண் போகாது.

தோண்டுவது ஒரு குடும்பத்துக் குணம் அல்ல

உலகின் பாலூட்டி இனங்களில் ஐந்தில் இரண்டு பங்கு கொறிவிலங்குகள். இத்தனை பெரிய கூட்டத்தைப் பிரிக்க முதலில் பிடித்துக்கொண்ட நூல் தாடைத் தசை. 1855-இல் பிராண்ட் என்பவர், மெல்லும் தசை மண்டையோட்டில் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து அணில் வகை, முள்ளம்பன்றி வகை, எலி வகை என்று மூன்றாகப் பிரித்தார். 1899-இல் டுல்பெர்க் கீழ்த்தாடையின் பின்கோணத்தை எடுத்துக்கொண்டார். அந்தக் கோணம் பல்வரிசைக்கு நேராக இருந்தால் ஒரு பிரிவு, பக்கவாட்டில் விலகியிருந்தால் மற்றொரு பிரிவு. பிறகு மரபணு ஆய்வு வந்து சிலவற்றை உறுதிசெய்தது, சிலவற்றைக் கலைத்துப்போட்டது. இன்றைய கணக்கில் பெருங்கிளைகள் மூன்று: எலியோடு உறவுள்ளவை, அணிலோடு உறவுள்ளவை, முள்ளம்பன்றியும் கினிப்பன்றியும் அடங்கிய கூட்டம்.

கவனிக்க வேண்டியது, மண் தோண்டும் விலங்குகள் இந்த மூன்று கிளையிலும் இருக்கின்றன என்பது. வட அமெரிக்காவின் பைக்கன்ன எலிகள், தென் அமெரிக்காவின் டுகோ டுகோ, ஆப்பிரிக்காவின் குருட்டெலிகள், மத்தியதரைக் கடலின் கிழக்கே கண்மேல் தோல் மூடிய ஸ்பாலாக்ஸ், இவையெல்லாம் பார்வைக்கு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். சிறிய கண், சிறிய காது, குட்டை வால், உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல். ஆனால் இவை ஒவ்வொன்றும் வேறு குடும்பம். மண்ணுக்குள் வாழ்க்கை அமைந்ததால் உடல் ஒன்றுபோல ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நம் காட்டு ஓரங்களில் குழி தோண்டும் முள்ளம்பன்றி, வயல் எலிக்கு நெருங்கிய உறவு அல்ல. கென்யா, எத்தியோப்பியா, சோமாலியாவின் மயிரில்லாத மண்ணெலிக்குத்தான் நெருங்கிய உறவு. இருவருக்கும் கீழ்த்தாடைக் கோணம் பக்கவாட்டில் விலகியிருக்கும்.

அந்த மயிரில்லாத மண்ணெலியைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் நகர மனமில்லை. ஒரே ஒரு ராணி குட்டி போட, மற்றவை தோண்டவும் காவல் காக்கவும் செய்யும் கூட்டு வாழ்க்கையை 1981-இல் ஜென்னிஃபர் ஜார்விஸ் விவரித்தார். பாலூட்டியில் இப்படி ஒன்று அதுவரை தெரிந்திருக்கவில்லை. பிராணவாயு துளியும் இல்லாத காற்றில் அது 18 நிமிடம் தாக்குப்பிடித்து மீண்டதை 2017-இல் காட்டினார்கள். வளைக்குள் காற்று நெருக்கடி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் ஊர் எலிகள் அந்த அளவுக்குப் போகவில்லை. அவை தங்குவதற்கும் குட்டி போடுவதற்கும் சேமிப்பதற்கும் வளையைப் பயன்படுத்தி, இரை தேட மேலே வருபவை. ஆகவே கண்ணும் காதும் வாலும் குறையாமல் இருக்கின்றன. இந்த ஐந்தும் ஒரே குடும்பமான மூரிடேயில் அடங்கும். வரப்பெலி, பெருச்சாளி, புல்லெலி, சுண்டெலி நான்கும் அதில் ஒரு துணைக்குடும்பம், வெள்ளெலி மட்டும் ஜெர்பில் துணைக்குடும்பம். எல்லாவற்றுக்கும் பற்கள் பதினாறு: முன்பல் நான்கு, கடைவாய்ப்பல் பன்னிரண்டு.

வரப்பெலி

நெல்வயல் சேதத்தில் பெரும்பங்கு இதனுடையது. கரம்பை எலி என்றும் சொல்வார்கள், அறிவியல் பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். பழைய ஆங்கில நூல்களில் இந்தியக் குருட்டெலி என்ற பொருளில் ஒரு பெயர் இருக்கும், அது தவறான வழிகாட்டி. இதற்குக் கண் நன்றாகத் தெரியும், ஆப்பிரிக்கக் குருட்டெலிகளோடு எந்தச் சொந்தமும் இல்லை.

வளர்ந்த எலி 200 முதல் 350 கிராம் வரை இருக்கும். தலையும் உடலும் சேர்த்து 15 முதல் 23 செ.மீ. வால் உடலைவிடக் குட்டை, முழுக்க ஒரே கருநிறம். மூக்கு மழுங்கி, முகம் அகன்று, காது வட்டமாக இருக்கும். முதுகில் நீண்ட முரட்டு மயிர்கள். மிரட்டினால் அவற்றைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். வீட்டு எலியோடு குழப்பம் வந்தால் வாலைப் பாருங்கள், வீட்டு எலியின் வால் உடலைவிட நீளம்.

வளையின் அடையாளம் வாயிலில் குவிந்திருக்கும் மண். முன்காலாலும் பல்லாலும் தோண்டி, பின்காலால் உதைத்துத் தள்ளி, சேர்ந்த மண்ணை முகத்தால் வெளியே முட்டித் தள்ளும். அந்தக் குவியலுக்கு அடியிலேயே வாயில் அடைபட்டிருக்கும். வரப்பில் புதுமண் குவியல் மட்டும் தெரிந்து ஓட்டை தெரியாவிட்டால் வரப்பெலி உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாம். திறந்து கிடக்கும் பழைய ஓட்டையைவிட மூடிய குவியல்தான் கவனத்துக்குரியது. நேர்மாறாக நினைத்துத் திறந்த ஓட்டைகளில் மட்டும் இரை வைப்பவர்கள் நிறையப் பேர்.

உள்ளே சுரங்கம் கிளை பிரிந்து ஓடும். வைக்கோலும் இலையும் பரப்பிய ஓர் அறை குட்டிகளுக்கு. கதிர் சேர்க்கும் அறைகள் தனி. இதைத் தவிர, மேல்மண்ணைத் தொடும் அளவுக்கு வந்து மெல்லிய ஓட்டோடு நிற்கும் அவசர வழிகள் உண்டு. முன்வாயிலில் மண்வெட்டி விழுந்ததும் அந்த மெல்லிய மண்ணை உடைத்துக்கொண்டு பின்னால் பாயும். வளை வெட்டுவதில் அனுபவமுள்ளவர்கள், குறிப்பாக இருளர், வெட்டுவதற்கு முன்பே காலால் தட்டித் தட்டிப் பின்வழிகளைக் கண்டுபிடித்து அடைத்துவிடுவது இதனால்தான்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற பழமொழி இந்த எலிக்கு அப்படியே பொருந்தும். ஒரு வளையில் ஒரு பெரிய எலிதான். பெண் எலியோடு குட்டிகள் இருக்கலாம், மற்றபடி துணை கிடையாது. ஆகவே உயிருள்ள வளைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பெரிய எலிகளின் எண்ணிக்கை. வேறு எந்த எலிக்கும் இந்தக் கணக்கை இவ்வளவு நம்பிக்கையாகப் போட முடியாது. ஆனால் ஒரே எலிக்கு மூன்று நான்கு வாயில்கள் இருக்கும். இரண்டு மூன்று மீட்டருக்குள் நெருக்கமாக இருக்கும் குவியல்களை ஒரே வளையாக எண்ணுவதே முறை.

சினைக்காலம் மூன்று வாரத்தைச் சற்றுத் தாண்டும். ஈற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குட்டிகள், சில சமயம் கூடவும் செய்யும். முலைக்காம்புகள் பெரும்பாலும் 14 முதல் 18 வரை, சில எலிகளில் கூடக் குறைய இருக்கும். ஈன்ற ஒன்றிரண்டு நாளிலேயே மறுபடி சினைப்பிடிக்கக் கூடியது. குட்டிகள் நான்கு வாரத்தில் பால் மறக்கும், மூன்று மாதத்துக்குள் இனம் பெருக்கத் தயாராகும். பயிர் பொதிகட்டும் பருவத்தில் தொடங்கும் இனப்பெருக்கம் கதிர் முற்றும்போது உச்சத்தில் இருக்கும். உணவுதான் தூண்டுகோல். ஒரு பகுதியில் எல்லோரும் ஒரே சமயம் நட்டு ஒரே சமயம் அறுத்தால் இந்தப் பருவம் குறுகும். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே என்று இரண்டு மாதம் இழுத்தால் எலிக்கு அடுத்தடுத்து இரண்டு ஈற்றுக்குச் சோறு கிடைத்துவிடும்.

தினம் தின்பது உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 250 கிராம் எலிக்கு 25 கிராம் தானியம். சேதம் அதோடு நிற்பதில்லை. கதிரை அளை நிறையச் சேர்த்து வைக்கும் எலி சங்கப் பாட்டிலேயே வந்துவிட்டது, அது இந்த எலியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. வயலோரத்தில் வேறு எதுவும் அந்த அளவுக்குக் கதிரைச் சேமிப்பதில்லை. அறுப்பு முடிந்தபின் வளையை வெட்டினால் கிலோக்கணக்கில் நெல் கிடைப்பதும் உண்டு.

பெருச்சாளியின் குட்டியா, வரப்பெலியா?

பெருச்சாளி, பாண்டிகோட்டா இண்டிகா, இதே பேரினத்தின் பெரிய தம்பி. வளர்ந்தது அரைக்கிலோவுக்கு மேல், சில சமயம் ஒரு கிலோவைத் தொடும். வீட்டுச் சுவரடி, சாக்கடை, வாய்க்கால் கரை, களத்துமேட்டுப் பக்கம் இதன் இடம். பெரியதைப் பார்த்து யாரும் ஏமாறப்போவதில்லை. இளம் பெருச்சாளியும் வளர்ந்த வரப்பெலியும் ஒரே எடையில் இருக்கும்போதுதான் தவறு நடக்கிறது.

பின்பாதத்தை அளந்தால் தீர்ந்தது. குதிகாலின் பின்முனையிலிருந்து நீண்ட விரலின் சதை நுனி வரை, நகத்தைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். வரப்பெலிக்கு அது 40 மி.மீ.-ஐத் தாண்டாது. பெருச்சாளிக்கு 45-க்கு மேல் போய்விடும். குட்டிப் பருவத்திலேயே பாதம் முழு அளவை நெருங்கிவிடுவதால் எடை ஏமாற்றினாலும் பாதம் ஏமாற்றாது. நகத்தையும் சேர்த்து அளந்துவிட்டால் மூன்று நான்கு மி.மீ. கூடி முடிவு தலைகீழாகும். அளவெடுப்பில் அதிகம் நடக்கும் பிழை இதுவே.

புல்லெலி, சுண்டெலி

புல்லெலி, மில்லார்டியா மெல்டாடா, மென்மயிர் கொண்ட சிறிய எலி. உடல் 10 முதல் 15 செ.மீ., வால் கிட்டத்தட்ட அதே நீளம், மேலே கருத்து அடியில் வெளுத்திருக்கும். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் மெத்தைகள் நான்கோ ஐந்தோ. வழக்கமான எலிகளுக்கு ஆறு. முலைக்காம்பு எட்டு.

தோண்டுவதில் இது சோம்பேறி. வளை எளிமையானது, ஆழமில்லாதது. கரிசல் மண்ணில் வெயிலுக்கு விழும் வெடிப்புகளையே வீடாக்கிக்கொள்ளும். கரிசல் பூமியில் இதன் தொகை மழையைப் பார்த்து ஏறி இறங்குவதும் அதனால்தான். நல்ல மழை பெய்தால் வெடிப்பு மூடி, நீர் நின்று, பல செத்துப்போகும். மழை பொய்த்த ஆண்டில் அத்தனையும் பிழைத்துப் பெருகும். வறட்சிக்கு அடுத்த பருவத்தில் எலி கூடுவதை விவசாயிகள் கவனித்திருப்பார்கள், அதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இனம்தான்.

வயல் சுண்டெலி, மஸ் பூடுகா, பத்துப் பன்னிரண்டு கிராம்தான். வெள்ளை வயிறு. வளைவாய் இரண்டு மூன்று செ.மீ., விரல் நுழையும் அகலம், பக்கத்தில் பொடிமண் சிறு குவியல். இதன் உறவான முள்மயிர்ச் சுண்டெலி, மஸ் பிளாட்டித்ரிக்ஸ், சரளை நிலத்தில் வளைவாயைச் சுற்றிச் சிறுகற்களை அடுக்கிவைக்கும். வேறு அடையாளமே தேவையில்லை.

புல்லெலி, வயல் சுண்டெலி இரண்டையும் அறிவியலுக்கு முதலில் தந்தது கர்நாடகத்தின் தார்வாட் பகுதி. சென்னை ஆட்சிப்பணியில் இருந்த வால்டர் எலியட் அங்கே திரட்டியவற்றைக் கொண்டு லண்டனில் விலங்கியலாளர் கிரே 1837-இல் பெயரிட்டார். மெல்டாடா என்பது குளம் வெட்டும் ஒட்டர்கள் அந்த எலிக்கு வைத்திருந்த பெயர். எலியைப் பிடித்துக் கொடுத்தவர்களின் அறிவும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது என்பதை வகைப்பாட்டு நூல்கள் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

வெள்ளெலி

டாட்டெரா இண்டிகா. நெல்வயலில் தேடாதீர்கள். மணற்பாங்கான மேட்டு நிலம், நிலக்கடலைக் கொல்லை, வேலியோரம், புதர் அடி இதன் இடம். துருக்கிப் பக்கம் தொடங்கி இந்தியா வழியாக இலங்கையின் வறண்ட பகுதி வரை பரவியிருக்கிறது. மணல் நிற முதுகு, தூய வெள்ளை வயிறு, பெரிய கண், நீண்ட பின்கால். வால் உடலைவிட நீளம், நுனியில் கருமயிர்க் குஞ்சம். மேல் முன்பல் ஒவ்வொன்றின் முன்முகத்திலும் நெடுக்காக ஒரு பள்ளம் ஓடும். நகத்தால் தடவினாலே தெரியும். புதரில் கூடு கட்டும் கோலுண்டா எலிக்கும் பல்லில் பள்ளம் உண்டு, ஆனால் அதற்கு வால் குட்டை, குஞ்சமும் இல்லை.

வளைகள் பக்கம் பக்கமாக இருக்கும், வாயில்கள் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். தோண்டினால் மெல்லிய மண் மூடிய பின்வழியை உடைத்துத் துள்ளி ஓடும். பொறியில் எளிதாக விழும். பிளேக் கிருமியைத் தாங்கிக்கொண்டு உயிர்வாழக் கூடிய இனம் என்பதால் பொதுச் சுகாதாரத் துறைக்கு இது முக்கியம். கர்நாடக, ஆந்திர, தமிழக எல்லைகள் கூடும் பகுதியில் இதைப் பிடித்து இரத்தத்தையும் தெள்ளுப்பூச்சியையும் சோதிப்பது நீண்ட காலமாக நடக்கிறது.

வளையை எண்ணும் முறை

மாலையில் வரப்பு நெடுக நடந்து எல்லா வளைவாயையும் குச்சி நட்டு எண் இடவும். திறந்திருப்பதை ஈரமண் வைத்து அடைக்கவும். மறுநாள் விடிந்ததும் பார்த்தால் திறந்திருப்பவை உயிருள்ளவை. இதுதான் எல்லோரும் சொல்லும் முறை, புல்லெலிக்கும் சுண்டெலிக்கும் வெள்ளெலிக்கும் சரி. வரப்பெலிக்கு இது பாதிதான் சரி, ஏனென்றால் அது அடைப்பை விரும்பும் விலங்கு. நீங்கள் அடைத்ததை அப்படியே விட்டுவிட்டு வேறு வழியாகப் போய்வரும், நீங்கள் செத்த வளை என்று எழுதிக்கொள்வீர்கள். மண் குவியல் உள்ள இடத்தில் தலைகீழாகச் செய்ய வேண்டும். குவியலை விலக்கி அடைப்பைத் திறந்து விடவும், காலையில் உள்ளிருந்து மறுபடி அடைத்திருந்தால் உயிருள்ளது. இரண்டையும் ஒரே மாலையில் செய்யலாம், குறிப்பேட்டில் திறந்தது எது, அடைத்தது எது என்று தனித்தனியே எழுதியிருந்தால் போதும். மழை பெய்த இரவின் எண்ணிக்கையைத் தள்ளிவிடுங்கள், மண் சரிந்தது எது, எலி அடைத்தது எது என்று பிரிக்க முடியாது.

வளைக்குள் கை விடக் கூடாது. எலி வளையில் நல்ல பாம்பும் சாரையும் கட்டுவிரியனும் தங்கும். வாயில் மண்குவியல் இல்லாமல் வழவழவென்று தேய்ந்திருந்தாலோ சட்டை கிடந்தாலோ அந்த வளையை விட்டுவிட்டு நகர்வதே நல்லது. வயல் நீரில் எலிச் சிறுநீர் வழி எலிக்காய்ச்சல் தரும் லெப்டோஸ்பைரா கிருமி கலந்திருக்கும், காலில் வெட்டுக்காயம் இருந்தால் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். செத்த எலியைக் கையுறையோடுதான் தொட வேண்டும். தெள்ளும் உண்ணியும் உடல் குளிர்ந்ததும் வேறு இடம் தேடி வெளியேறும், ஆகவே இறுக்கிக் கட்டிய பையில் சிறிது நேரம் வைத்திருந்து பிறகு அளக்கலாம்.

அளவுகள் ஐந்து: எடை, தலையும் உடலும், வால், பின்பாதம், காது. வாலை ஆசனவாயிலிருந்து நுனிச் சதை வரை அளக்க வேண்டும், நுனி மயிரைச் சேர்க்கக் கூடாது. கூடவே இடம், நாள், பயிர்ப் பருவம், வளைவாயின் விட்டம், மண் குவியல் உண்டா இல்லையா என்பதை எழுதுங்கள். வால் அறுந்த எலி நிறையக் கிடைக்கும், அறுந்தது என்று குறிக்காமல் நீளத்தை மட்டும் எழுதினால் அந்தக் குறிப்பு பின்னால் படிப்பவரை ஏமாற்றும்.

கூகை உருண்டை

எலியைப் பிடிக்காமலே ஒரு பகுதியின் எலிப் பட்டியலை எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. கூகை எலியை முழுசாக விழுங்கி, மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். கோயில் கோபுரம், பாழ்மனை, கிணற்று இடுக்கு இவற்றின் கீழே கருத்த உருண்டைகளாகக் கிடக்கும்.

உருண்டையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, முகமூடியும் கையுறையும் அணிந்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். இடுக்கியால் மயிரைப் பிரித்தால் மண்டையோடும் கீழ்த்தாடையும் தனியே வரும். வேகவைக்க வேண்டாம், பல் கழன்று உதிர்ந்துவிடும். உதிர்ந்த பல்லோடு இனம் சொல்வது மிகக் கடினம்.

முதலில் கன்னத்து எலும்பு வளைவைப் பாருங்கள். வளைவே இல்லாவிட்டால் மூஞ்சூறு. வளைவு இருந்து மேல் முன்பல்லில் பள்ளம் இருந்தால் வெள்ளெலி, அதன் காதெலும்புக் குமிழும் பெரிதாக ஊதியிருக்கும். இரண்டு செ.மீ. அளவே உள்ள மண்டையோட்டில், மேல் முதல் கடைவாய்ப்பல் மற்ற இரண்டும் சேர்ந்த நீளத்தைவிட நீண்டிருந்தால் சுண்டெலி. மூன்று செ.மீ. அளவில் மென்மையாக இருந்தால் புல்லெலியை நினைக்கலாம். நான்கு செ.மீ. அளவில், அகன்று தடித்து, மேலே இருபுறமும் எலும்பு வரம்புகள் எழுந்து, கடைவாய்ப்பல்லின் மேல்முகம் குறுக்குப் பட்டைகளாகத் தெரிந்தால் வரப்பெலி. வளர்ந்த பெருச்சாளியைக் கூகை அதிகம் தூக்குவதில்லை, ஆகவே பட்டியலில் அது குறைவாகத் தெரிவதை வைத்து ஊரில் அது குறைவு என்று முடிவு கட்டக் கூடாது.

இனம் தெரிந்தால் என்ன மாறும்

துத்தநாக பாஸ்பைடு இரை பரவலாகத் தெரிந்தது, 49 பங்கு பொரி அல்லது அரிசிக்கு ஒரு பங்கு மருந்து. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயு உண்டாகும், எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. ஆனால் அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி அந்த ருசியை வாரக்கணக்கில் தொடாது. அதனால் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத இரையை வளைக்குப் பத்துக் கிராம் வீதம் கொடுத்துப் பழக்கிவிட்டு ஒரே ஒரு முறை மருந்திரை வைப்பது முறை. வரப்பெலிக்கு அடைப்பை நீக்கி உள்ளே தள்ளி வைக்க வேண்டும். வாயிலில் வைத்தால் எலி தள்ளும் மண்ணில் புதைந்துபோகும், அல்லது பறவை எடுத்துவிடும். புரோமாடியோலோன் என்ற எலிமருந்து மெல்லக் கொல்வதால் இரைமேல் அந்த வெறுப்பு உண்டாவதில்லை, ஆனால் சாவதற்குள் நடமாடும் எலியைக் கூகை தின்றால் கூகைக்கும் ஆபத்து. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது, பயிற்சி பெற்றவர்கள் தவிர யாரும் தொடக் கூடாது.

புகை மூட்டுவது ஈரமண் வரப்பில் வேலை செய்யும். புல்லெலி இருக்கும் வெடித்த கரிசலில் புகை அத்தனை வெடிப்பிலும் கசிந்து வீணாகும். வரப்பெலி வளையிலும் நடுவில் மண் அடைப்பு இருந்தால் புகை அதைத் தாண்டாது. எல்லா வாயிலையும் அடைத்தும் எந்த இடுக்கிலும் புகை கசியாவிட்டால் வளை முழுக்கப் புகை போகவில்லை என்றுதான் பொருள். அப்படிப்பட்ட வளையை வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

பொறி வைக்கும் காலமும் இனத்தைப் பொறுத்தது. கதிர் முற்றிய வயலில் வரப்பெலி கருவாட்டையும் தேங்காய்த் துண்டையும் சட்டை செய்யாது, தின்ன வேண்டியது தலைக்கு மேலேயே தொங்குகிறது. தஞ்சாவூர்க் கிட்டியோ வேறு பொறியோ, நடவு முடிந்த முதல் வாரங்களில் வைத்தால்தான் பலன். வரப்பு 30 செ.மீ.-க்கு மேல் அகலமும் உயரமும் இல்லாமல் இருந்தால் அறை தோண்டவே இடம் இருக்காது. நடந்து போக வசதியாக இருக்கட்டும் என்று ஆண்டுக்காண்டு மண் போட்டுப் பெருக்கிய பெருவரப்பில்தான் முதலில் குவியல் தெரியும். எண்ணிக்கையை அங்கிருந்து தொடங்குங்கள், சிறுவரப்புகளுக்குக் கடைசியில் வந்தால் போதும்.